தென்னாப்பிரிக்காவுல வாடகை வீடு: குளிர்ல உடைஞ்சதுக்கு காசு யாரு குடுக்கணும்

ஊர்ல ஆடின்னா காத்தும் கூழும். இங்கயும் ஆடில கூழ் ஊத்துறாங்க, சாட்ஸ்வொர்த், டோங்காட், லெனேஷியான்னு எங்க போனாலும் இங்கயே நாலஞ்சு தலைமுறையா இருக்குற நம்ம சனங்க அதை 'போரிட்ஜ் பிரேயர்'னு சொல்வாங்க. ஆனா பூமிப்பந்துல கீழ்ப்பக்கம் இருக்கோம்ல, அதனால இங்க ஆடி நடுக்குளிர்காலம், மார்கழில வேர்த்துக் கொட்டும். புதுசா வேலைக்கு வர்ற நம்ம பசங்க ஜனவரி பிப்ரவரில வந்து இறங்கி, ஆஹா என்ன வெயில்னு சொல்லி ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் மிட்ராண்ட்லயோ செஞ்சூரியன்லயோ ஒரு டவுன்ஹவுஸ் பாத்து லீஸ்ல கையெழுத்து போட்டுடறாங்க. ஜூன் வந்ததும்தான் தெரியும், வீட்ல ஹீட்டிங்னு ஒண்ணும் கிடையாது, ஜன்னல்ல ஒத்தைக் கண்ணாடி, ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துல இருந்து 1,700 மீட்டருக்கு மேல இருக்கு, ராத்திரி சைபருக்கு கீழயும் போகும். அப்புறம் சீலிங்குக்கு மேல இருக்குற கீசர் (வெந்நீர் டேங்க்) வெடிக்கும், சுவர்ல பூசணம் பிடிக்கும், பைப் விரிசல் விடும், ஓனர் உங்களப் பாப்பார், நீங்க ஓனரப் பாப்பீங்க.

நான் இங்க வந்து ஒம்பது வருஷம் ஆச்சு, மூணு வாடகை வீடு மாறியாச்சு. வக்கீல் இல்ல, அடிபட்டு கத்துக்கிட்டவன், அவ்ளோதான். அடிபட்டதுல தெரிஞ்ச ஒரு விஷயம் என்னன்னா, இந்த மாதிரி சண்டைல 'யாரு உடைச்சா'ங்கறத விட 'எதனால உடைஞ்சது, அத நீங்க எப்ப எழுத்துல சொன்னீங்க'ங்கறதுதான் காச முடிவு பண்ணுது.

முதல் வீட்டுக் கதைய சொல்லிடறேன். மே மாசக் கடைசில வீட்டுக்கு வெளிய, கூரை ஓரமா நீட்டிக்கிட்டு இருக்குற சின்ன பைப்ல இருந்து சொட்டு சொட்டா வெந்நீர் விழுது. என் வீட்டுக்காரி தொட்டுப் பாத்துட்டு 'சூடா இருக்குங்க'ன்னா. நான் சும்மா அத ஒரு போட்டோ எடுத்து ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு மறந்துட்டேன், அவங்களும் ஒரு கட்டைவிரல் போட்டுட்டு மறந்துட்டாங்க. மூணு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு சீலிங்ல இருந்து தடதடன்னு தண்ணி, அரை மணி நேரத்துல சீலிங் போர்டு வயிறு மாதிரி தொங்கி கீழ விழுந்துடுச்சு. மறுநாள் ஏஜென்ட் வந்து, 'நீங்க கீசர ரொம்ப சூடு வச்சுட்டீங்க, இன்ஷூரன்ஸ் எக்ஸஸ்ஸும் சீலிங்கும் உங்க செலவு'ன்னாங்க. எக்ஸஸ்னா க்ளெய்ம்ல இன்ஷூரன்ஸ் தராம நாம கையில இருந்து கட்டுற பங்கு. நான் அந்த மூணு வாரத்துக்கு முன்னாடி மெசேஜ எடுத்துக் காட்டினேன், தேதி, போட்டோ, கட்டைவிரல் எல்லாம் இருக்கு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே வரல.

சட்டம் என்ன சொல்லுது, சுருக்கமா

1999-ல வந்த ரென்டல் ஹவுசிங் ஆக்ட்தான் அடிப்படை, அதுக்குப் பின்னாடி ரோமன் டச்சு பொதுச் சட்டம் இருக்கு. ஓனர் குடியிருக்கத் தகுந்த மாதிரி வீட்டக் குடுக்கணும், குடுத்த நிலைமைல அத வச்சிருக்கவும் செய்யணும். நீங்க வீட்ட ஒழுங்கா பாத்துக்கிட்டு, வாங்கின நிலைமைலயே திருப்பிக் குடுக்கணும், வழக்கமான தேய்மானம் போக. அதனால கூரை, சுவர், பைப், கீசர், வயரிங் இதெல்லாம் வயசாகியோ வானிலையாலயோ போனா ஓனர் கணக்கு. நீங்களோ, உங்க பசங்களோ, உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளியோ உடைச்சா உங்க கணக்கு. நடுவுல ஒண்ணு இருக்கு, அங்கதான் நம்ம ஆளுங்க மாட்டுவாங்க: ஓனர் கணக்குல வர்ற ஒரு சின்னக் கோளாற பாத்தும் சொல்லாம விட்டு அது பெருசாச்சுன்னா, பெருசான அளவுக்கு உங்க தலைல விழலாம். சொட்டுன பைப் ஓனரோடது, ரெண்டு மாசம் சொட்டி ஊறிப்போன அலமாரி உங்களோடது.

லீஸ்ல 'உள்பக்க ரிப்பேர் எல்லாம் டெனன்ட்'னு ஒரு வரி இருக்கும், அது பொதுவா பல்பு, டாப் (குழாய்) வாஷர், உடைஞ்ச கைப்பிடி மாதிரி விஷயத்துக்கு. சில லீஸ்ல 'ஃபுட்ஸ்டூட்ஸ்'னு ஒரு ஆஃப்ரிகான்ஸ் வார்த்தை வரும், இருக்குற நிலைமைலயே எடுத்துக்கறேன்னு அர்த்தம். அதப் பாத்தா உடனே கையெழுத்து போடாம, என்னென்ன பழுது இருக்கோ அத எழுதி வாங்கிட்டுப் போடுங்க. கீசர் எக்ஸஸ் யார் கட்டணும்னும் தேடிப் பாருங்க, சில ஏஜென்ட்டுங்க சத்தமே இல்லாம அத டெனன்ட் பக்கம் தள்ளி வச்சிருப்பாங்க, கையெழுத்துக்கு முன்னாடி கேட்டா பெரும்பாலும் அடிச்சுக் குடுத்துடுவாங்க, பின்னாடி கேட்டா சிரிப்பாங்க.

குளிர் வர்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

வீட்டுக்குள்ள போறப்ப ஓனரும் நீங்களும் சேர்ந்து நின்னு பாக்குற இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் சட்டத்துலயே இருக்கு, விட்டுடாதீங்க. அதுக்கு மேல பெரும்பாலான லீஸ்ல உள்ள போன 7 நாளுக்குள்ள பழுது லிஸ்ட் குடுக்கலாம்னு இருக்கும். பிப்ரவரில உள்ள போறவங்களுக்கு குளிர்காலப் பழுது கண்ணுக்கே தெரியாது, அதனால தேடிப் பாக்கணும். கபோர்டுக்குப் பின்னாடி மூலைல கை வச்சுப் பாருங்க, சீலிங்ல காபிக்கறை மாதிரி பழைய வட்டம் இருக்கான்னு பாருங்க, புதுசா ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் அடிச்சிருந்தா ஏன்னு கேளுங்க. என் ரெண்டாவது வீட்ல அந்த ஒத்தச் சுவர் பெயின்ட்டப் பாத்து 'பரவாயில்லையே, நமக்காக அடிச்சிருக்காங்க'ன்னு சந்தோஷப்பட்டேன், ஜூலைல அதே சுவர் கருப்பா பூத்துச்சு.

ஏப்ரல் மே மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. தண்ணி மெயின் வால்வு எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க, இங்க அத ஸ்டாப்காக்னு சொல்வாங்க, தனி வீடுன்னா கேட்டுப் பக்கம் மீட்டர் கிட்ட இருக்கும், காம்ப்ளெக்ஸ்னா செக்யூரிட்டியக் கேட்டா காட்டுவார். டிபி போர்டுல (கரன்ட் ஸ்விட்ச் எல்லாம் இருக்குற பெட்டி) கீசர் ஸ்விட்ச் எதுன்னு பாத்து ஸ்டிக்கர் ஒட்டுங்க. வீட்டுக்கு வெளிய சுவர் மேல ஓடுற பைப்ல, தோட்டத்து டாப்ல நுரை கவர் சுத்தி இருக்கா, கூரைத் தண்ணி ஓடுற கட்டர்ல இலை அடைச்சிருக்கா, இதெல்லாம் போட்டோ எடுத்து ஓனருக்கு ஒரு ஈமெயில் போடுங்க: 'குளிர் வருது, இந்த இந்த இடத்துல பைப் திறந்தாப்ல இருக்கு, கவர் போட்டுக் குடுங்க'. அவர் போட்டாலும் சரி போடாட்டியும் சரி, நாளைக்கு உறைஞ்சு வெடிச்சா அந்த ஈமெயில் உங்களுக்குக் கவசம்.

கீசரும் பைப்பும்

குளிர்ல ஏன் கீசர் இவ்வளவு போகுதுன்னா, உள்ள வர்ற தண்ணி ஜில்லுன்னு இருக்கு, அத 60 டிகிரிக்கு ஏத்த அது ரொம்ப நேரம் ஓடுது, தண்ணி விரியுது, பிரஷர் ஏறுது, துருப்பிடிச்ச பழைய டேங்க்ல வீக்கான இடம் பிச்சுக்குது. இது தேய்மானம், ஓனர் கணக்கு, பெரும்பாலும் அவரோட பில்டிங் இன்ஷூரன்ஸ்ல வரும். புதுசுன்னா நிறைய கீசருக்கு 5 வருஷ கேரன்டி இருக்கும், டேங்க் மேல தேதி ஒட்டிருக்கும், அதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. நீங்க பொறுப்பாகுறது எப்பன்னா, நீங்களே தெர்மோஸ்டாட்டத் திறந்து நோண்டினாலோ, தெரிஞ்ச பையன வச்சு வால்வ மாத்தினாலோ. நம்ம ஆளுங்க 200 ராண்ட் மிச்சம் பண்றேன்னு இதத்தான் பண்ணுவாங்க. கீசர் வேலைய பிஐஆர்பில (பிளம்பருங்க பதிவு பண்ற அமைப்பு) பதிவு பண்ண பிளம்பர்தான் செய்யணும், வேலை முடிஞ்சதும் அவர் ஒரு சர்ட்டிஃபிகேட் குடுப்பார், இன்ஷூரன்ஸ்காரன் அதத்தான் முதல்ல கேப்பான்.

கூரை மேல சோலார் கீசர் இருந்தா ஒரு கேள்வி கேட்டு வைங்க. ஹைவெல்ட் (ஜோஹன்னஸ்பர்க் இருக்குற மேட்டு நிலம்) உறைபனில, தண்ணி நேரா பேனலுக்குள்ள ஓடுற டைப் உறைஞ்சு வெடிக்கும், அதனால இந்தப் பக்கத்துக்கு உறையாத திரவம் தனியா ஓடுற டைப்தான் சரி. தப்பான டைப் மாட்டிட்டு 'நீங்க ராத்திரி தண்ணிய ஓட விடல'ன்னு சொல்ற ஓனர் உண்டு. என்ன மாட்டணும்னு முடிவு பண்ணது அவர், அதனால வந்த விளைவும் அவரோடது.

வெளிப் பைப் உறைஞ்சிருந்தா காலைல டாப் திறந்தா தண்ணி வராது, அவ்ளோதான் அறிகுறி. மேல கொதிக்கிற தண்ணிய ஊத்தாதீங்க, பிளாஸ்டிக் பைப் அங்கயே விரியும், அப்படி விரிஞ்சா அது நீங்க பண்ணதாகிடும். டாப்பத் திறந்து வச்சுட்டு வெதுவெதுப்பான துணிய சுத்துங்க, இல்ல பேசாம வெயில் வர்ற வரைக்கும் காத்திருங்க, ஜோஹன்னஸ்பர்க்ல பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளுன்னு அடிச்சிடும். லீவுக்கு ஊருக்குப் போறப்ப மெயின் வால்வ மூடிட்டு, கீசர ஆஃப் பண்ணிட்டு போங்க. மூணு வாரம் பூட்டின வீட்ல பைப் வெடிச்சா வெடிச்சது ஓனர் கணக்குதான், ஆனா 'மூடிட்டுப் போயிருந்தா ஒரு பக்கெட்டோட முடிஞ்சிருக்குமே'ங்கற வாதம் உங்க மேல நிக்கும்.

சரி, ராத்திரி வெடிச்சே போச்சு. முதல்ல டிபி போர்டுல கீசர ஆஃப் பண்ணுங்க, தண்ணி லைட் பக்கம் இறங்குதுன்னா மெயின் ஸ்விட்சையே இறக்கிடுங்க, அப்புறம் ஸ்டாப்காக்க மூடுங்க, அப்புறம் கீழ இருக்குற வெந்நீர் டாப்பத் திறந்து விட்டு பிரஷர இறக்குங்க. சீலிங் தொங்குதுன்னா அதுக்கு அடில நிக்காதீங்க, பசங்கள வேற ரூமுக்கு அனுப்புங்க. அதுக்கப்புறம் வீடியோ, அதுக்கப்புறம் போன். போன் பண்ணி முடிச்சதும் அதே விஷயத்த வாட்ஸ்அப்ல ஒரு தடவை எழுதிடுங்க, 'இப்ப 2.20க்கு போன்ல சொன்ன மாதிரி'ன்னு ஆரம்பிச்சு. ஓனர் போன எடுக்கலன்னா, தண்ணிய நிறுத்துற அளவுக்கு மட்டும் எமர்ஜென்சி பிளம்பரக் கூப்பிட்டு பில் வாங்கி வைங்க, அந்தப் பணத்தக் கேக்க உங்களுக்கு நியாயம் இருக்கு. அந்த சாக்குல புது கீசரே வாங்கி மாட்டிட்டு பில்ல நீட்டாதீங்க, அவரோட இன்ஷூரன்ஸ் அதுக்குக் காசு குடுக்காது, சண்டைதான் மிஞ்சும்.

உங்க டிவி, லேப்டாப், சோஃபா நனைஞ்சதுக்கு ஓனரோட இன்ஷூரன்ஸ் ஒரு காசும் தராது. அது பில்டிங்குக்கு மட்டும். உங்க சாமானுக்கு நீங்கதான் ஹவுஸ்ஹோல்ட் கன்டென்ட்ஸ் இன்ஷூரன்ஸ் எடுக்கணும். ஓனர் எழுத்துல சொல்லியும் மாசக்கணக்கா கீசரப் பாக்காம விட்டு அதனால நனைஞ்சுதுன்னா அவர் மேல க்ளெய்ம் பண்ணலாம், ஆனா நிறைய லீஸ்ல 'டெனன்ட் சாமானுக்கு நான் பொறுப்பில்ல'ன்னு எழுதியிருக்கும், அதத் தாண்டி வாங்குறது லேசில்ல. பட்டுப்புடவைய கீசருக்கு நேர் கீழ இருக்குற பீரோல வைக்காதீங்க, இது என் வீட்டுக்காரி சொல்லச் சொன்னது.

பூசணம், ஓதம், இட்லிச் சட்டி

பெரிய பஞ்சாயத்தே இங்கதான். ஓனர் சொல்வார், 'நீங்க ஜன்னலத் திறக்குறதே இல்ல, துணிய உள்ளயே காயப்போடுறீங்க, எப்பப் பாத்தாலும் ஆவில சமைக்குறீங்க'. நாம சொல்வோம், 'உங்க சுவரே ஓதம்'. ரெண்டுமே உண்மையா இருக்கலாம், அதனால எதனாலன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியணும்.

முதல்ல எந்த ஊர்ல இருக்கீங்கன்னு பாருங்க. ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் குளிர்காலம் காஞ்ச காலம், ஜூன் ஜூலைல மழையே பெருசா கிடையாது, டர்பன்லயும் குளிர்காலத்துல மழை கம்மி. அதனால இந்த ஊர்ல ஜூலைல புதுசா பூசணம் வந்தா அது பெரும்பாலும் கூரை ஒழுகலா இருக்காது, ஒண்ணு உள்ள கசியுற பைப், இல்ல நம்ம சமையல் குளியல் ஆவி குளிர்ந்த சுவர்ல படிஞ்சது. கேப் டவுன் தலைகீழ், அங்க குளிர்காலம்தான் மழைக்காலம், அட்லான்டிக்ல இருந்து மழை ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும், அங்க சுவர் நனைஞ்சா முதல் சந்தேகம் கூரை மேலயும் வெளிச்சுவர் மேலயும்தான்.

அடுத்தது எங்க இருக்குன்னு பாருங்க. தரைல இருந்து மேல ஏறி, முழங்கால் இடுப்பு உயரத்துல அலைக்கோடு மாதிரி நின்னு, பெயின்ட் பொரிஞ்சு உப்பு பூத்திருந்தா அது அஸ்திவாரத்துல இருந்து ஏறுற ஓதம், சுத்தமா ஓனர் வேலை. சீலிங்ல பழுப்பு வட்டம்னா மேல ஏதோ ஒழுகுது, அதுவும் ஓனர். ஜன்னல் ஓரம், வெளிச்சுவர் மூலை, கபோர்டு பின்னாடின்னு கரும்புள்ளி புள்ளியா இருந்தா ஆவி படிஞ்சது, அங்க நம்ம பக்கமும் விரல் நீளும். சந்தேகம்னா ஒரு சின்ன சோதனை: சுவரத் துடைச்சு காயவச்சு, சமையலறை அலுமினியம் ஃபாயில்ல கையகலத் துண்டு வெட்டி நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டிடுங்க, ரெண்டு நாள் விடுங்க. ஃபாயிலோட வெளிப்பக்கம் ஈரம்னா ரூம் காத்துல இருந்து வந்தது, உரிச்சுப் பாத்தா சுவர்ப் பக்கம் ஈரம்னா சுவருக்குள்ள இருந்து வந்தது. இத வீடியோவா எடுத்து அனுப்பிப் பாருங்க, நீளமா ஈமெயில் எழுதுறத விட இது பேசும்.

நம்ம பக்கம் என்ன பண்ணலாம். இட்லி அவிக்கறப்பவும் குக்கர் விசில் அடிக்கறப்பவும் ஜன்னல நாலு விரக்கடை திறந்து வைங்க, குளிச்சு முடிச்சதும் பாத்ரூம் கதவ மூடிட்டு ஜன்னலத் திறங்க, காலைல பத்து நிமிஷம் எல்லா ஜன்னலும். வேட்டி புடவைய பெட்ரூம்ல கயிறு கட்டிக் காயப்போடாதீங்க, ஜோஹன்னஸ்பர்க் குளிர்கால வெயில்ல வெளிய போட்டா ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடும். பீரோவ சுவர்ல இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க. இதெல்லாம் பண்ணியும் வந்தா ஓனர் கிட்ட தைரியமா கேக்கலாம், எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் இல்லாத, ஜன்னல் பெயின்ட்ல ஒட்டித் திறக்கவே முடியாத பாத்ரூமக் குடுத்துட்டு காத்தோட்டம் பத்தி அவர் பேச முடியாது. கருப்பா இருக்குன்னு அவசரப்பட்டு நீங்களே பெயின்ட் அடிச்சு மறைச்சுடாதீங்க, ஆதாரமும் போச்சு, கலர் மாறினதுக்கு வேற காசு கேப்பாங்க.

ஒண்ணு மட்டும் முழுக்க நம்ம கணக்கு, அதுல வாதாடாதீங்க. பூஜை அலமாரிக்கு மேல குத்துவிளக்குக் கரியும் சாம்பிராணிப் புகையும் படிஞ்சு சீலிங் கருத்தா அது தேய்மானம் இல்ல. விளக்குக்கு மேல ஒரு தகடு வைங்க, போறதுக்கு முன்னாடி நீங்களே துடைச்சு பெயின்ட் அடிச்சுடுங்க.

ஹீட்டர், கரன்ட்

ஒரே மல்டிபிளக்ல ஹீட்டர், கெட்டில், ரைஸ் குக்கர் மூணையும் சொருகி பிளக் பாயின்ட் உருகினா உங்க கணக்கு. ஒத்த ஹீட்டரச் சுவர்ல நேரா மாட்டியும் பாயின்ட் சூடாகுது, கருகல் வாசனை வருதுன்னா வயரிங் பிரச்சனை, ஓனர் கணக்கு, வீட்டுக்கு எலக்ட்ரிக்கல் கம்ப்ளையன்ஸ் சர்ட்டிஃபிகேட் இருக்கான்னு கேளுங்க, இருக்கணும். ஹீட்டரக் கிட்ட வச்சு கார்ப்பெட் பொசுங்கினா, லேமினேட் வளைஞ்சா நம்மது. சுவர்ல ஃபிட் பண்ண கேஸ் ஹீட்டர் இருந்தா அதுக்கும் சர்ட்டிஃபிகேட் கேளுங்க, ரூம மூடிட்டு ராத்திரி பூரா கேஸ் ஹீட்டர் ஓட்டாதீங்க, இதுல டெபாசிட் இல்ல, உயிர்ப் பிரச்சனை. கரன்ட் போயிட்டு திரும்ப வர்றப்ப அடிக்கிற சர்ஜ்ல உங்க டிவி போனா உங்க இன்ஷூரன்ஸ், கேட் மோட்டாரும் வீட்டோட இருக்குற அடுப்பும் போனா ஓனர்.

கேப் டவுன் பக்கம் இருக்குறவங்களுக்கு

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லி வச்சவங்க கேப் டவுன் ஜூலையப் பாத்திருந்தா அம்மியோட நிறுத்தியிருக்க மாட்டாங்க. 2017 ஜூன் 7ஆம் தேதி அடிச்ச புயல்ல ஸ்கூலையெல்லாம் மூடினாங்க, 2024 ஜூலைலயும் வரிசையா அடிச்சு ஆயிரக்கணக்கான வீடு போச்சு. ஓடு பறந்தா, மரம் விழுந்தா அது இயற்கை, உங்க மேல வராது. கட்டர் இலைய யார் எடுக்கணும்னு லீஸ்ல தனியா எழுதியிருக்கும், தனி வீடுன்னா சில சமயம் டெனன்ட்னு போட்டிருப்பாங்க, அப்படின்னா மழைக்கு முன்னாடி ஏணி வச்சு எடுத்து, முன்ன பின்ன போட்டோ. ஃபிளாட்டுன்னா கூரையும் வெளிச்சுவரும் பொதுச் சொத்து, பாடி கார்ப்பரேட் (எல்லா ஃபிளாட் ஓனருங்களும் சேர்ந்த சங்கம்) பாத்துக்கணும். ஆனா உங்களுக்கும் பாடி கார்ப்பரேட்டுக்கும் ஒப்பந்தம் கிடையாது, அதனால நீங்க ஓனர்கிட்ட சொல்லணும், அவர் மேனேஜிங் ஏஜென்ட்கிட்ட சொல்லணும். 'நீங்களே அவங்ககிட்ட பேசிக்கங்க'ன்னு ஓனர் நழுவினா, பேசுங்க, ஆனா ஓனரையும் காப்பில வச்சு எழுதுங்க.

சொல்லியும் அசையலன்னா

எழுத்துல சொல்லுங்க, என்ன பழுது, எப்ப இருந்து, எந்தத் தேதிக்குள்ள சரி பண்ணணும். தண்ணி கொட்டுதுன்னா இன்னைக்கே, வெந்நீர் இல்லன்னா ரெண்டு மூணு நாள், ஓதம்னா லீஸ்ல போட்டிருக்குற நாள் கணக்கு. கோவத்துல வாடகைய மட்டும் நிறுத்தாதீங்க. இத எத்தன தடவ சொன்னாலும் நம்ம பசங்க கேக்க மாட்டேங்கறாங்க, 'அவன் கீசர் போடட்டும், நான் வாடகை போடுறேன்'னு நிப்பாங்க, அடுத்த நிமிஷம் லீஸ மீறினது ஓனர் இல்ல, நீங்க. 1910-ல பாய்ன்டன் எதிர் க்ரான்னு ஒரு அப்பீல் தீர்ப்பு இருக்கு, முறையா சொல்லியும் ஓனர் நியாயமான காலத்துக்குள்ள செய்யலன்னா அவசியமான ரிப்பேர நீங்க பண்ணி வாடகைல கழிக்கலாம்னு. வழி இருக்கு, ஆனா நிறைய லீஸ்ல 'எதையும் கழிக்காம வாடகை கட்டணும்'னு ஒரு க்ளாஸ் வச்சு இத மூடிடறாங்க, அதனால படிச்சுப் பாத்துட்டு, ரெண்டு மூணு கொட்டேஷன் அனுப்பி, எழுத்துல சம்மதம் வாங்கிட்டுப் பண்ணுங்க. ஒரு ரூம் பூரா பயன்படுத்த முடியாமப் போச்சுன்னா அந்த அளவுக்கு வாடகை குறைக்கச் சொல்லிக் கேக்கவும் உரிமை உண்டு. இங்க நிறைய ஓனருங்க நம்ம வயசான லோக்கல் தமிழ்க்காரங்கதான், 'அங்கிள், ரெண்டு வாரமா பசங்க குளிக்க முடியல'ன்னு மரியாதையாப் பேசி கேட்டா ஒரு வார வாடகையத் தள்ளிக் குடுத்தவங்களும் உண்டு. பேசி முடிச்சதும் எழுதிக்கங்க, அங்கிளே ஆனாலும்.

அதுக்கும் மசியலன்னா ரென்டல் ஹவுசிங் ட்ரிப்யூனல். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒண்ணு, காசு கிடையாது, வக்கீல் தேவையில்ல, அதோட தீர்ப்பு மேஜிஸ்ட்ரேட் கோர்ட் தீர்ப்பு மாதிரியே செல்லும். கம்ப்ளெய்ன்ட் குடுத்த நாள்ல இருந்து தீர்ப்பு வர்ற வரைக்கும், இல்ல மூணு மாசம், எது முன்னாடியோ அது வரைக்கும் ஓனர் உங்கள வெளியேத்த முடியாது, நீங்க வாடகையக் கட்டிக்கிட்டே இருக்கணும், அவர் பராமரிப்பப் பண்ணிக்கிட்டே இருக்கணும். கோவத்துல கரன்டக் கட் பண்றது, பூட்ட மாத்துறது எல்லாம் கோர்ட் ஆர்டர் இல்லாம சட்டவிரோதம். இந்த வீடே வேணாம்னு தோணினா, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பெரும்பாலான லீஸ 20 வேலை நாள் நோட்டீஸ் குடுத்து நடுவுலயே முடிச்சுக்கலாம், ஓனர் நியாயமான ஒரு தொகைய அபராதமா கேக்கலாம். வெறும் பணத் தகராறு, 20,000 ராண்டுக்குள்ளன்னா ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட், அங்க வக்கீல் வரவே கூடாது.

வீட்டக் காலி பண்றப்ப

லீஸ் முடியறதுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ள ஓனரும் நீங்களும் சேர்ந்து அவுட்கோயிங் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணணும். நீங்க இருக்கறப்ப அவர் பாக்கலன்னா வீடு நல்லா இருந்துச்சுன்னு சட்டமே எடுத்துக்கும், முழு டெபாசிட்டும் வட்டியோட வரணும். சேதம் இல்லன்னா 7 நாள், ரிப்பேருக்குக் கழிச்சாங்கன்னா வீட்ட சரி பண்ணதுல இருந்து 14 நாளுக்குள்ள மீதி, கழிச்சதுக்கு ரசீதப் பாக்கணும்னு நீங்க கேக்கலாம். அவர் கூப்பிட்டும் நீங்க போகலன்னா அது 21 நாளாகும், பேச்சும் உங்க பக்கம் நிக்காது. 'இதெல்லாம் எனக்கு வேணாம்'னு லீஸ்ல உங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருந்தாலும் செல்லாது.

இன்ஸ்பெக்‌ஷன பகல்ல வைங்க, ஜூலைல அஞ்சரைக்கே இருட்டிடும், இருட்டுல டார்ச் அடிச்சுப் பாத்தா எல்லா நிழலும் ஓதமாத்தான் தெரியும். என் மூணாவது வீட்டு ஓனர் டர்பன்ல இருந்து வந்தார், பின்பக்கம் போய் புல்லப் பாத்துட்டு 'தண்ணியே ஊத்தலியா, எல்லாம் செத்துக் கிடக்கு, புதுப் புல்லுக்குக் காசு கழிக்கணும்'னார். ஹைவெல்ட்ல கிக்கூயூ புல்லு உறைபனில வைக்கோல் கலராத்தான் நிக்கும், செப்டம்பர்ல மழை வாசம் பட்டதும் தானே எந்திரிக்கும், டர்பன்காரருக்கு அது தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதே ஜூலைல நான் உள்ள வந்தப்ப எடுத்த போட்டோவக் காட்டினேன், அதே புல்லு, அதே வைக்கோல். கொஞ்ச நேரம் பாத்துட்டு 'ஓகே பா, சாவியக் குடு'ன்னார்.